அடுக்களைக் கத்தி

மக்கள் தம் கையாற் செய்துகொண்ட கருவிகளுள் மிகப் பழமையானது யாதெனின், அது வெட்டுங் கருவியே என்பர் ஆராய்ச்சியாளர். கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கெனியா நாட்டில் லொமெக்வி என்னுமிடத்தே கண்டெடுக்கப்பட்ட கற்கருவிகள் ஏறத்தாழ 33 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என அறிஞர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பானை வனையக் கற்குமுன்னரே, அடுப்பு மூட்டக் கற்குமுன்னரே, கல்லைக் கல்லால் உடைத்து அதன் கூரிய விளிம்பினால் அறுக்கக் கற்றனர் மனித இனத்தின் முன்னோர். இத்துணைத் தொன்மை வாய்ந்த கருவி இதற்குள் எத்துணைத் திருத்தம் பெற்றிருத்தல் வேண்டும்! ஆயின், இன்று நம் வீடுகளில் அடுக்களை மேடைமீது கிடக்கும் கத்தியைக் கையில் எடுத்துப் பார்ப்பார்க்கு வியப்புத் தோன்றாது, நாணமே தோன்றும். அது பார்வைக்கும் நன்றாயில்லை, பயனுக்கும் நன்றாயில்லை.

“கத்தியைப்பற்றியும் ஒரு கட்டுரையோ?” என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். காவியச் சுவையும் நாட்டு வரலாறும் ஆராயப்படும் இம்மலரின் தமிழ்ப் பகுதியிலே காய்கறிக் கத்திக்கு இடமேது என்பது அன்னார் வினாவாகலாம். அவர்க்கு யான் கூறும் விடை ஒன்றே. நாள்தோறும் இரண்டு மூன்று வேளை, வீடுதோறும் ஒருவர் அந்தக் கத்தியைக் கையிற் பிடித்து நிற்கின்றார். பெரும்பாலும் அவர் ஒரு பெண். நம் தாயோ, தமக்கையோ, கூலிக்குச் சமைக்கும் ஏழையோ ஆவார். ஒரு தொழிலை உலகம் எவ்வளவு மதிக்கின்றது என்பதை அதுபற்றிப் பேசும் பேச்சினால் அறிதல் அரிது. அத்தொழில் செய்வார் கையில் அது கொடுத்திருக்கும் கருவியினால் அறிதல் எளிது. அறுவை மருத்துவர் கையில் மழுங்கிய கத்தியைக் கொடுப்பார் எவருமில்லை. தச்சன் தன் உளியைத் தீட்டாது வேலை தொடங்குவதில்லை. அடுக்களைக்கு மட்டும் எதுவும் போதும் என்று இருந்துவிட்டோம். இதுவே யான் எடுத்துக்கொண்ட வழக்கு.

நம் பழைய இலக்கியங்களை நோக்கின், கூரிய இரும்பு புகழ் பெறாமற் போகவில்லை என்பது தெளிவாகும். புறநானூற்றுப் புலவர்கள் வாளையும் வேலையும் பாடாத வகையில்லை. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகிய ஐவர்க்கும் உரிய கடமைகளை 312ஆம் பாட்டில் வகுத்துரைத்த பொன்முடியார், கொல்லனுக்கு விதித்தது வேல் செய்து தருதலையே. மறக்குடித் தாயின் கூற்றாக அமைந்த அப்பாட்டில் அது பொருந்துவதே. அதிற் குறை காண்பார் இலர். ஆயினும், அதே கொல்லன் அத்தாயின் அடுக்களைக்கும் ஓர் இரும்பு செய்து கொடுத்திருப்பான் அல்லனோ? அதனை அவன் கூரிதாகச் செய்தானா, கைக்கு இசையச் செய்தானா என்று கேட்பார் இல்லாமற் போயினர்.

நற்றிணையின் 120ஆம் பாட்டிலே அடுக்களைக் காட்சி ஒன்று உண்டு. வீட்டிற்கு விருந்து வந்திருக்கின்றது. தலைவி தன் மோதிரமணிந்த மெல்லிய விரல்கள் சிவக்குமாறு அரிந்து வகைப்படுத்துகின்றாள். புகை தாக்கிக் கண் கலங்குகின்றது. நெற்றியில் அரும்பும் சிறு வியர்வைத் துளிகளை ஆடையின் தலைப்பினால் துடைத்துக்கொள்கின்றாள். கண்முன் நிகழ்வதுபோல் அதனைத் தீட்டிக் காட்டிய புலவரின் திறம் பெரிது. தலைவன் கண்ணுக்கு அவ்விரலின் சிவப்பு ஓர் அழகு. ஆனால் அந்த விரலுக்கு உரியவளைக் கேட்டால், அது வருத்தம் என்றே கூறுவாள். போர்க்களத்திலே நாம் இரும்பைப் பாடினோம். அடுக்களையிலே விரலைப் பாடினோம், இரும்பை மறந்தோம். இம்மறதி இன்றளவும் நீங்கவில்லை.

இரும்புத் தொழிலில் நாம் பின்தங்கிய மக்களாயின் இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மை அதுவன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வில், இரும்பையும் எஃகையும் உருக்கிய உலைகளின் சான்றுகள் கிடைத்துள்ளன. மூசையிலிட்டு உருக்கிய தென்னாட்டு எஃகு, ‘ஊட்சு’ என்ற பெயரோடு ஐரோப்பா வரை சென்றது. கருமானின் மகனாகப் பிறந்து பேரறிஞராக விளங்கிய மைக்கேல் பாரடே, 1819ஆம் ஆண்டில் அவ்வெஃகைப் பகுத்தாராய்ந்து எழுதினார். பின்னர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பாரோடு சேர்ந்து, அதனை ஒத்த எஃகு செய்ய முயன்று பல சோதனைகள் நடத்தினார். அந்த ஸ்டோடார்ட் யாவர்? இலண்டன் மாநகரிலே கத்தியும் அறுவைக் கருவியும் செய்து விற்றவர். நல்ல கத்தி வேண்டிய ஒருவர், அதற்கு நம் நாட்டு இரும்பின் இரகசியத்தைத் தேடினார். 2025ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாட்டரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ என்னும் அறிக்கை, சிவகளையில் கிடைத்த சான்றுகளைக்கொண்டு, இந்நிலத்தில் இரும்பின் வழக்கு 5,300 ஆண்டுகட்கு முற்பட்டது என்று உரைத்தது. அச்செய்தியை நாமெல்லாம் நெஞ்சு நிமிர்த்திப் படித்தோம். படித்த அன்றைக்கே நம் வீட்டில் தக்காளி அரிந்த கத்தி, தக்காளியின் தோலைக்கூடக் கிழிக்கமாட்டாது நசுக்கியிருக்கும்.

நிற்க. நம் முன்னோர் அடுக்களைக்கென்று ஒரு கருவியும் செய்யவில்லையோ எனின், செய்தனர், அதுவே அரிவாள்மணை. அதன் அமைப்பைச் சற்று உற்றுநோக்குதல் தகும். அலகு அசைவதில்லை, காயே அசைகின்றது. ஆதலின், இரண்டு கைகளும் காயைப் பற்றுதற்கு உதவுகின்றன. மணையின்மேல் வைத்த காலின் எடையே கருவியை நிலைநிறுத்துகின்றது. கையின் வலிமை வீணாவதில்லை. அலகு வளைந்திருத்தலின், காய் அதன்மேற் சாய்வாகச் சென்று வழுக்கி அறுபடுகின்றது. அலகின் தலையிலேயே தேங்காய் துருவும் பற்களும் அமைந்துள்ளன. பூசணியைப் பிளக்கவும் கீரையைப் பொடியாக அரியவும் மீனை ஆயவும் அந்த ஒரு கருவி போதும். வங்காளத்திலும், மராட்டியத்திலும், தெலுங்கு கன்னட நாடுகளிலும் இதற்கு உறவான கருவிகள் வேறு பெயர்களோடு வழங்குகின்றன. அதிலே பூ வேலைப்பாடு ஒன்றுமில்லை; ஆயினும் பழைய மரமணையும், தீட்டித் தீட்டி நீலமோடிய அலகும் பார்ப்பதற்கு இனியனவே. வேலை செய்வாரின் உடம்பை அறிந்த ஒருவன் செய்தான் என்பது அதனைப் பார்த்தவுடனே விளங்கும்.

பின்னர் வீடு மாறிற்று. தரையிலிருந்த அடுப்பு மேடைமேல் ஏறியது. உட்கார்ந்து சமைத்தவர் நின்று சமைக்கலாயினர். முழங்கால் நோவுடைய முதியவர்க்கு அது நல்ல மாற்றமே. அதனை யான் பழிக்கவில்லை. ஆயின் அடுப்பு எழுந்து நின்றபோது, உடன் எழுந்து நிற்கத்தக்க கருவியை நாம் ஆராய்ந்து செய்துகொள்ளவில்லை. அரிவாள்மணையோ மரமணையை இழந்து, மடக்கத்தக்க மெல்லிய தகட்டின்மேல் ஏறி, ஆடத் தொடங்கிற்று. மேடைமேலிருந்த வெற்றிடத்தில், கடைக்காரர் எதை வைத்தாரோ அது வந்து அமர்ந்தது. பச்சை, சிவப்பு, மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பிடியோடு ஒரு சிறு தகடு. அதுவே இன்றைக்கு நம் அடுக்களைக் கத்தி. பல வீடுகளில் அது விலை கொடுத்து வாங்கியதுமன்று. வேறொரு பாத்திரத்தோடு இலவசமாக வந்தது.

அக்கத்தியின் குறைகளை ஒவ்வொன்றாகக் கூறுவேன். முதலாவது, அதன் இரும்பு. கத்தியின் வாய் கூர்மையை ஏற்கவும் ஏற்றதைக் காக்கவும் வேண்டுமாயின், அதன் எஃகிலே போதிய கரி கலந்திருத்தல் வேண்டும். கரி நூற்றுக்கு ஏறத்தாழ அரைப்பங்கு முதல் ஒரு பங்கு வரை உள்ள எஃகைக் காய்ச்சி, குளிரச் செய்து, மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால் அது கடினமும் உரமும் ஒருங்கே பெறும். கொல்லர் இதனைத் துவைச்சல் என்பர். நாம் உண்ணும் தட்டும் தம்ளரும் செய்யும் எவர்சில்வரில் பெரும்பாலானது, குரோமியம் 18 பங்கும் நிக்கல் 8 பங்கும் கலந்த வேறொரு வகை; அதனை எவ்வளவு காய்ச்சிக் குளிர்வித்தாலும் கடினம் ஏறாது. அதன் பளபளப்பே நல்ல எஃகின் அடையாளம் என மக்கள் எண்ணிவிட்டமையால், பளபளப்பை மட்டும் கொடுத்துக் கடினத்தைக் கொடாது விடுதல் விற்பார்க்கு எளிதாயிற்று. அத்தகைய கத்தியைக் காலையில் தீட்டினால் மாலையில் மழுங்கும்.

இரண்டாவது, அதன் பருமன். கத்தி என்பது ஓர் ஆப்பு. ஆப்பு மெல்லிதாயின் பொருளினூடே நுழையும். தடித்ததாயின் பொருளைப் பிளக்கும். நல்ல காய்கறிக் கத்தியின் முதுகு 2 மில்லிமீட்டர் அளவிலே தொடங்கி வாயை நோக்கிச் சீராக மெலிந்து வரும். மலிவுக் கத்தியோ முதுகு முதல் வாய்க்கு அருகு வரை ஒரே தடிப்பாயிருந்து, கடைசி இழையளவில் மட்டும் சரித்துத் தேய்க்கப்பட்டிருக்கும். அதனாலேதான் முள்ளங்கியும் காரட்டும் அறுபடாமல் ‘டக்’கென்று ஒடிகின்றன. வெங்காயத்தின் செய்தி இதனினும் கொடிது. கூரிய மெல்லிய வாய் அதன் உயிரணுக்களுட் சிலவற்றையே வெட்டிச் செல்லும். மழுங்கிய வாயோ பலவற்றை நசுக்கும். நசுங்குந்தோறும் அவற்றினுள் தனித்தனியே அடைபட்டிருந்த பொருள்கள் கலந்து, கண்ணைக் கரிக்கும் ஆவி மிகுதியாக எழும். அடுக்களையிற் சிந்தும் கண்ணீரில் ஒரு பங்கு வெங்காயத்தினுடையதன்று, கத்தியினுடையது.

மூன்றாவது, அதன் பிடி. பிடியை வரைந்தவர் எவரோ, அவர் ஈரக்கையோடு கத்தியைப் பிடித்திருக்கமாட்டார் என்று துணிந்து கூறலாம். மீன் ஆய்ந்த கையிலும் எண்ணெய் பட்ட கையிலும் வழுவழுப்பான எஃகுப்பிடி நழுவும். அலகுக்கும் பிடிக்கும் இடையே தடுப்பாக ஓர் அகன்ற அடியில்லாமையால், நழுவிய விரல் நேரே வாயின்மீது போய் விழும். அலகு பிடியைவிடத் தாழ்ந்து அகன்றிராமையால், பலகைமேல் வைத்து அரியும்போது விரற்கணுக்கள் பலகையில் இடிக்கும். அலகின் வால் பிடியினுள் கடைசிவரை செல்லாது பாதியிலே நின்றுவிடுவதால், ஒரு பூசணியைப் பிளப்பதற்குள் பிடி வேறு அலகு வேறு ஆகும். இரண்டும் சேரும் இடுக்கிலே அழுக்கும் ஈரமும் தங்கி நாறும். கத்தியின் கூர் நம்மைக் காயப்படுத்தும் என்று அஞ்சி மழுங்கிய கத்தியே நன்றென்பார் உளர். அது தவறு. மழுங்கிய கத்தியை அழுத்தவேண்டும். அழுத்திய கத்தி வழுக்கும். வழுக்கிய கத்தி வலிமை முழுவதோடும் கையில் இறங்கும்.

நான்காவது, அதன் பொய்வேடம். குறைகளை மறைத்தற்பொருட்டு வந்த அலங்காரங்களை என்னென்பது! அலகு முழுதும் பூவும் பழமும் அச்சிட்டிருப்பர். காய் ஒட்டாதிருக்கும் என்று கூறி வரிசையாகத் துளையிட்டிருப்பர். ஒட்டுகிற காய் ஒட்டிக்கொண்டேயிருக்கும், துளைகளில் மட்டும் துணுக்குகள் அடையும். தீட்டவே வேண்டா என்று கூறி வாயெல்லாம் இரம்பப்பல் வைத்திருப்பர். ரொட்டி அறுப்பதற்குப் பல் வேண்டியதே. ஆயின் காய்கறிக் கத்தியின் பல் தேய்ந்துவிட்டால், வீட்டிலுள்ள சாணைக்கல்லால் அதனைத் தீட்டுதல் இயலாது. தீட்டவே வேண்டாத கத்தி என்பதன் பொருள், தீட்டவே முடியாத கத்தி என்பதுதான்.

இவ்விடத்தே எவர்சில்வர்க் கத்தியின் பிறப்பு வரலாற்றையும் கூறுதல் பொருந்தும். இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்தவராகிய ஹாரி பிரியர்லி என்பார், 1913ஆம் ஆண்டிலே துருப்பிடியாத எஃகைக் கண்டார். அவர் தேடியது அடுக்களைக்குரிய பொருளன்று. துப்பாக்கிக் குழல் உள்ளே அரித்துப் போகாதிருத்தற்கு ஏற்ற உலோகத்தையே தேடினார். தேடும்வழியில், குரோமியம் மிக்க எஃகு புளிப்பினாற் கறைபடாதிருத்தலைக் கண்டு, இது உணவுமேசைக் கத்திக்கு உதவுமே என்று உணர்ந்தார். முதலிற் செய்த கத்திகள் சரிவரப் பதப்படவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அந்நகரத்துக் கத்திவினைஞர் அவரை எள்ளினர். பின்னர் அதற்குரிய வெப்பத்தையும் முறையையும் அறிந்து நல்ல கத்திகள் செய்தனர். ஆதலின் குற்றம் எவர்சில்வருடையதன்று. துருப்பிடியாமை ஒரு நன்மையே. புளியும் எலுமிச்சையும் நாள்தோறும் புழங்கும் நம் அடுக்களைக்கு அது பெருநன்மை. கறைபடாதது என்னும் ஒரு நன்மையைக் காட்டி, வெட்டுவது என்னும் முதல் நன்மையைக் கைவிட்டதே குற்றம்.

பிற நாட்டார் இத்துறையில் எவ்வாறு ஒழுகினர் என்பதையும் ஒருசிறிது நோக்குவோம். ஷெபீல்டு வட்டாரத்துக் கத்திவினைஞர் சங்கம் 1624ஆம் ஆண்டிலேயே சட்டப்படி நிறுவப்பெற்றுத் தொழிலின் தரத்தைக் காத்தது. ஜெர்மனியிலே சோலிங்கன் என்னும் ஊர்ப்பெயரை, அங்கே முறைப்படி செய்யப்படாத கத்தியின்மேற் பொறித்தலாகாது என்று 1938ஆம் ஆண்டுமுதல் சட்டம் காக்கின்றது. ஜப்பானிலே ஸகாய் நகரத்தார் காய்க்கு ஒன்று, மீனுக்கு ஒன்று எனப் பிரித்துக் கத்தி செய்கின்றனர். அவற்றின் மரப்பிடி தேய்ந்தால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சீன நாட்டுச் சமையற்காரர் அகன்று மெலிந்த ஒரே கத்தியினால் அரிதல், நசுக்குதல், அரிந்ததை வாரி எடுத்தல் ஆகிய அனைத்தையும் முடிக்கின்றனர். இவற்றுள் எதனையும் அழகுக்கென்று தனியே அலங்கரித்திலர். ஆயினும் யாவும் அழகியனவாய் உள்ளன. காரணம் வெளிப்படை. கருவிக்கு அழகென்பது மேலே பூசுவதன்று. கைக்கும் வேலைக்கும் இரும்புக்கும் உள்ள இயைபு வெளியே தோன்றுவதே அழகு. அவ்வியைபு இல்லாதவிடத்தில்தான் பூவும் பழமும் அச்சிடவேண்டியதாகின்றது. எனவே அடுக்களைக் கத்தியின் விகாரமும் அதன் பயனின்மையும் இரண்டு குற்றங்கள் அல்ல. ஒரே குற்றத்தின் இரண்டு முகங்களாம்.

நம் நாட்டிலே அக்கைத்திறம் மாய்ந்துபோகவில்லை. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்றது. ஆனால் அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் நம் இளைஞர் உள்ளத்தில் எழுவது வீரமும் சண்டையும் திரைப்படக் காட்சியுமே. அந்த இரும்பின் நேர்த்தியில் ஒரு பங்கு அடுக்களைக்கு வந்தால் என்ன என்று எண்ணுவார் அரியர். பொன்முடியார் காலத்துப் பழக்கம் நம்மை விட்டபாடில்லை.

யான் தங்கியிருக்கும் விடுதியின் சமையற்கூடத்தில் நாள்தோறும் காண்பதொன்றை இங்கே கூறுவேன். விடியுமுன்னே அங்கே வெங்காய மூட்டை அவிழும். அரிபவர் ஐம்பது வயதைக் கடந்தவர். நாங்கள் அண்ணாச்சி என்றழைப்போம். கத்தியின் முதுகை அழுத்தி அழுத்தி அவருடைய சுட்டுவிரலின் அடியிலே காய்ப்பு ஏறியிருக்கின்றது. கூடத்துக்கென்று வாங்கிய கத்திகள் பளபளவென்று அலமாரியிலே தொங்குகின்றன. அவற்றை அவர் தொடுவதில்லை. தம் ஊர்க் கொல்லர் பட்டறையிலே வாங்கிய பழங்கத்தி ஒன்றைத் துணியிற் சுற்றி வைத்திருக்கிறார். தீட்டித் தீட்டி அதன் அலகு பாதியாகக் குறுகிவிட்டது. “இவை ஏன் உதவா, அண்ணாச்சி?” என்று ஒருநாள் வினவினேன். “அவை பார்க்கிறதற்குத் தம்பி, இது அறுக்கிறதற்கு” என்றார்.

அவ்விடை கேட்டபோது புறநானூற்றின் 95ஆம் பாட்டு நினைவிற்கு வந்தது. அதியமானின் தூதராகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கே படைகள் பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்று, காவலில் அழகாக இருந்தன. ஔவையாரோ, எங்கள் மன்னன் படைகள் பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திலே கிடக்கின்றன என்று கூறி, புகழ்வார்போல் இகழ்ந்தார். வேலைக்கு உதவும் இரும்பு அலமாரியில் இராது; கையிலும் பட்டறையிலுமே இருக்கும் என்பது அப்பாட்டினாற் பெறப்படும் உண்மை. போருக்கு ஔவையார் கூறியது அடுக்களைக்கும் பொருந்தும் என்பதில் ஐயமில்லை.

இனி, மறுத்துரைப்பார் கூற்றையும் கேட்போம். நல்ல கத்திக்கு விலை மிகும். ஏழைகள் வாங்குதல் யாங்ஙனம் என்பர் சிலர். அண்ணாச்சியின் கத்தி செல்வர் கடையில் வாங்கியதன்று. ஆண்டுக்கு இரண்டு என வாங்கி எறியும் தகடுகளின் விலையைக் கூட்டிப்பார்த்தால், பல்லாண்டு உழைக்கும் ஒரு கத்தியே மலிவென்பது புலனாகும். அச்சிட்ட பூவுக்கும் வண்ணப் பெட்டிக்கும் ஏழையும் காசு கொடுத்தே தீர்கின்றான் என்பதை மறத்தலாகாது. இனி எல்லாவற்றையும் மின்பொறி அரிந்துவிடும். கத்தி எதற்கு என்பர் வேறு சிலர். கீரையையும் மீனையும் வாழைப்பூவையும் பொறியிடம் ஒப்படைத்தோர் எத்துணைப் பேர்? பொறியைக் கழுவும் நேரத்தில் நல்ல கத்தி வேலையை முடித்துவிடும். எம் பாட்டியார் மழுங்கிய கத்தியாலும் மயிரிழைபோல் அரிவார் என்பர் இன்னுஞ் சிலர். அது பாட்டியாரின் திறத்துக்குச் சான்றேயன்றிக் கத்தியின் நன்மைக்குச் சான்றன்று. ஒருவருடைய திறத்தைக் காட்டி அவருக்குக் கருவி கொடாது விடுதல் அறமாகாது.

ஆகவே நாம் செய்யத்தக்கன யாவை? கத்தி வாங்கப் போவார் பெட்டியைப் பாராது கத்தியைப் பார்த்தல் வேண்டும். அலகை முனையிலிருந்து நோக்கி, முதுகு முதல் வாய்வரை சீராக மெலிகின்றதா என்று காண்க. கடைக்காரர் இசைவு பெற்றுக் கையை நனைத்துப் பிடித்துப் பார்க்க. பலகைமேல் வைத்தால் விரலுக்கு இடமுண்டா என நோக்குக. வால் பிடியின் கடைசிவரை செல்கின்றதா என்று வினவுக. பல் வைத்த வாயைக் காய்க்கு வாங்கற்க. எல்லாவற்றினும் மேலாக, அக்கத்தியைப் பிடிக்கப் போகும் கையையே கடைக்கு அழைத்துச் செல்க; தாம் ஒருநாளும் அரியாத காய்க்குத் தாமே கத்தி தேர்ந்து வரும் ஆடவர் நம்மிடையே பலர். வாங்கியபின், வாரம் ஒருமுறை சாணைக்கல்லிலே பக்கத்திற்கு 15 முதல் 20 பாகைச் சரிவில் தீட்டுதல் ஐந்து நிமிட வேலை. அதனை வீட்டிலுள்ள மாணவன் ஏற்றுக்கொள்வானாக. அன்னைக்கு அதனினும் எளிய உதவி வேறில்லை. தெருவில் சாணை பிடிப்பவர் குரல் கேட்டால் கதவைத் திறப்பீராக.

பொறியியல் பயிலும் நண்பர்கட்கும் ஒரு வேண்டுகோள். வானூர்தியின் இறகை எவ்வளவு மெலிதாகச் செய்யலாம் என்று கணக்கிடும் அறிவு, நின்று சமைக்கும் நம் அன்னையர்க்கேற்ற அரிவாள்மணை ஒன்றைக் கணக்கிடுதற்கு இழுக்கென்று எண்ணற்க. பட்டறையிலிருக்கும் கொல்லருக்கு இரும்பு தெரியும். அடுக்களையிலிருக்கும் பெண்ணுக்கு வேலை தெரியும். உங்கட்குக் கணக்குத் தெரியும். இம்மூவரும் ஒருநாளேனும் ஒன்றாக உட்கார்ந்து பேசியிருந்தால் இன்றுள்ள கத்தி பிறந்தேயிராது. தமிழ் பயிலும் எம்மனோர் கடமையும் ஒன்றுண்டு. வேலையும் வாளையும் பாடிய மொழிக்கு, சோறிடும் கையிலுள்ள சிறு இரும்பையும் மதிக்கக் கற்பித்தல் எம் கடன்.

உணவை அமுதென்கிறோம், அதனை ஆக்கும் அன்னையைத் தெய்வமென்கிறோம். சொல்லளவில் நாம் குறைவைப்பதில்லை. அத்தெய்வத்தின் கையிலே யாம் வைத்திருப்பதோ, யாரும் விலை கொடுத்து வாங்க விரும்பாத ஒரு தகடு. புகழுரையைச் சிறிது குறைத்துக்கொண்டு நல்ல கத்தி ஒன்றைக் கொடுப்போமாயின், அடுக்களைக்கு அதுவே மெய்யான மரியாதையாகும்.